பன்னிரண்டு ரூபாய் எடை

எனக்கு முன்னால் இன்னும் மூணு பேர், மூணு பேர் இடுப்பிலும் பிள்ளை, என் இடுப்பில் அகிலேஷ், என் தாலிக்கயிற்றை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு. அங்கன்வாடி உத்தரத்தில் தராசு தொங்குகிறது. கறிக்கடையில் தொங்குமே, அதே மாதிரி வட்ட முகம், ஒரு முள், அடியில் கொக்கி. கொக்கியில் நீலத் துணியில் ஜட்டி மாதிரி தைத்த ஒன்று. அதற்குள் ரெண்டு காலையும் நுழைத்துப் பிள்ளையைத் தொங்கவிட்டால் முள் ஓடும், நடுங்கும், பிறகு ஓரிடத்தில் நிற்கும். போன மாசம் இவனுக்கு முள் நின்றது ஆறு கிலோ எழுநூறில். அன்றைக்கு டீச்சர் லீவு, ஆயாதான் நிறுத்தாள். ரெண்டு நாள் கழித்து ஜெசிந்தா டீச்சர் வீட்டுக்கே வந்து, வாசலில் நின்று, "இந்த வயசுக்கு இது காணாதும்மா. அடுத்த மாசமும் ஏறலன்னா பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தந்துருவேன், ரெண்டு வாரம் பிள்ளையோட அங்க தங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதட்டலாகச் சொல்லவில்லை. ஆனால் என் மாமியார் கேட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் தலை மறைந்ததும், "கழனித்தண்ணியக் குடிச்சா புள்ள எங்கிட்டு ஏறும், டின் பாலுக்கு மாத்துங்கன்னு நான் அப்பமே சொன்னேன்" என்றாள். கழனித்தண்ணி என்றது என் பாலை. எங்க வீட்டுக்காரர் மினி பஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏறலன்னா அம்ம சொல்லுத மாதிரி செய்வோம், வடிவு" என்றார். அவ்வளவுதான், முடிந்தது. இன்றைக்கு முள் ஏறவில்லை என்றால் என் மார் ரெண்டும் சும்மா. யாரோ ஒரு பிள்ளை முன்னால் அழுகிறது, அதற்கு எனக்குச் சுரக்கிறது, ஜாக்கெட் நனைகிறது, முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிறேன். இது கழனித்தண்ணியா. எத்தனை உழக்கு சுரக்கிறது என்று யார் அளந்தார்கள். ஒரு பக்கம் குடிப்பான், மறு பக்கம் பாதியில் தூங்கிப்போவான். டீச்சர் அன்றைக்கு, "ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பான்" என்று கேட்டபோது நான், "ஒன்றரைப் பக்கம்" என்று சொன்னேன். அவங்க நோட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுட்டாங்க.

எனக்கு அளவு எப்போதும் இப்படித்தான் வாயில் வருகிறது. கூழ் எவ்வளவு கொடுக்கிறாய் என்றால் சின்னக் கரண்டிக்கு ஆறு கரண்டி என்பேன். எந்தக் கரண்டி என்பாங்க. எங்க வீட்டுக் கரண்டிதான், பித்தளை, காம்பு வளைந்தது. ஐந்தாம் வகுப்பில் சார் பெஞ்சை அளந்து சொல்லச் சொன்னார். ஸ்கேல் கொண்டுவந்தவர்கள் ஸ்கேல் வைத்து அளந்தார்கள். என்னிடம் ஸ்கேல் இல்லை. கையால் அளந்து, "பன்னெண்டு சாண் சார்" என்றேன். "உன் சாணா, என் சாணா" என்றார் சார். எல்லாரும் சிரித்தார்கள், சாரும் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னோடேயே வந்துவிட்டது. அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது, கேள்வி நிற்கவில்லை. பாத்திரம் தேய்க்கையில், தண்ணீருக்கு நிற்கையில், நானாக இருந்து பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆள் உள்ள அளவு, ஆள் இல்லாத அளவு. சாண், முழம், விரக்கடை, பிடி, சிட்டிகை, சிறங்கை, கூப்பிடு தூரம், இதெல்லாம் ஆள் உள்ளது. யார் சாண், யார் பிடி, யார் கூப்பிட்டால் எவ்வளவு தூரம் கேட்கும். நான் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது, அப்போது என் கூப்பிடு தூரம் ஒரு சுவர். கிலோ, லிட்டர், மீட்டர், இதெல்லாம் ஆள் இல்லாதது. யார் வீட்டுக்குப் போனாலும் கிலோ கிலோதான். நடுவில் சிலது இருக்கிறது, எதில் போடுவது என்று தெரியாது. உழக்கு, படி, மரக்கால். அதற்கு ஆள் இல்லை, ஊர் இருக்கிறது. எங்க அம்மா ஊர்ப் படியும் இந்த ஊர்ப் படியும் ஒன்று இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அங்கே போடுகிற மாதிரி நாலு உழக்கு அரிசி போட்டுவிட்டுச் சோறு பத்தாமல் போய் மாமியார் ஒரு வார்த்தை சொன்னாள். நிலத்துக்கு இங்கே குறுக்கம் என்கிறார்கள், பத்திரத்தில் ஏக்கர் என்று இருக்கிறது, பேசும்போது செண்டு என்கிறார்கள், மூணும் ஒரே காடு. பூவுக்கு முழம், பூக்காரி குட்டையான ஆளாக இருந்தால் போச்சு. அகிலேஷ் பிறந்த மூணாம் நாள் யாருக்கும் தெரியாமல் அவன் மேல் கை வைத்து அளந்தேன். உச்சியிலிருந்து குதிகால் வரை மூணு சாண், அதன் மேல் ரெண்டு விரக்கடை. என் சாண். இப்போது நாலு சாணுக்கு ஒரு விரல்தான் குறைகிறது. அதை யாரிடம் சொல்ல முடியும். உன் சாணா, என் சாணா.

ரெண்டு பேர் முன்னால். டீச்சர் தலையைத் தூக்கி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "தண்டை, காப்பு, அரைஞாண், தாயத்து, எல்லாத்தையும் கழட்டிருங்க. உடம்ப மட்டுந்தான் நிறுக்கணும். போன மாசம் நான் இல்லாதப்ப எப்படி நிறுத்தாங்கன்னு தெரியல" என்கிறார்கள். ஆயா அன்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பாயைச் சுருட்டுகிறாள். எனக்கு முன்னால் நிற்கிற பொன்னுத்தாய் மதினி, எங்க தெருதான், முணுமுணுக்கிறாள். "அரைஞாண அவுத்து அம்மணமாத் தூக்கச் சொல்லுதாவ. பச்சப்புள்ளைக்கு ஆகுமா இது." பிறகு கழட்டுகிறாள். அவள் பிள்ளை மரக்கால் மாதிரி உருண்டு திரண்டு இருக்கும், தண்டை சதைக்குள் புதைந்து வரமாட்டேன் என்கிறது, எச்சிலைத் தொட்டுச் சுற்றிச் சுற்றி இழுக்கிறாள். நான் அகிலேஷைப் பார்க்கிறேன். கழட்ட ஒன்றும் இல்லை. இடுப்பில் வெறும் கறுப்புக் கயிறு. போன வாரம்தான் வெள்ளி அரைஞாண் இறுக்கி, தொப்புளுக்குக் கீழே செக்கச்செவேல் என்று தடம் விழுந்தது, காப்பும் கையை விட்டு வரவில்லை. எல்லாத்தையும் சேர்த்து, தண்டையையும் ஒன்றாக, பெரிதாக்கித் தரச்சொல்லி ஆசாரியிடம் கொடுத்திருக்கிறது. நல்லவேளை, எனக்கு எச்சில் தொட்டு இழுக்கிற வேலை இல்லை என்று நினைக்கிறேன். நினைத்து முடிப்பதற்குள் ஆயா பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். போன மாசம் வெள்ளியோடு நிறுத்தாள். ஆயா நிறுக்கும்போது அரைஞாண் இருந்தது, காப்பு இருந்தது, தண்டை இருந்தது, தொங்கிக்கொண்டு காலை உதறினான், ஜல் ஜல் என்று சத்தம் வந்து எல்லாரும் சிரித்தார்கள். ஆறு எழுநூறு என்றது இவனும் வெள்ளியும். இன்றைக்கு இவன் மட்டும். வெள்ளி எடைக்கு இவன் சதை போட்டிருந்தால்தான் முள் அங்கேயே நிற்கும். போடவில்லை என்றால் இறங்கும். இறங்கினால் எழுதித் தந்துவிடுவார்கள். அரைஞாண் பத்தாமல் போன பிள்ளையை இளைத்துவிட்டான் என்று எழுதித் தருவார்கள்.

வெள்ளி எவ்வளவு. அதுதான் தெரியவேண்டும். தெரியும், பன்னிரண்டு ரூபாய் எடை. அம்மா இவனுக்குப் பேர் விடுகிற அன்றைக்குக் கொண்டுவந்து தாம்பாளத்தில் வைத்தபோது, சம்பந்தகாரர்கள் காதில் விழுகிற மாதிரி, "பன்னெண்டு ரூவா எடை" என்று சொன்னாள். பன்னிரண்டு ரூபாய் எடை என்றால் எத்தனை கிராம். ஒரு ரூபாய் எடை என்றால் எந்த ரூபாய். அந்தக் காலத்து வெள்ளி ரூபாயாம், ராசா தலை போட்டது, அதை நான் கண்ணால் பார்த்ததில்லை. இப்போது இருக்கிற ஒரு ரூபாய் கையில் வைத்தால் வேப்பிலை மாதிரி இருக்கிறது, அது அந்த எடை வராது. பத்து கிராம் இருக்குமா. இருந்தால் பன்னிரண்டு பத்து நூற்றிருபது. அஞ்சு கிராம்தான் என்றால் அறுபது. தோலா என்று ஒன்று சொல்வார்கள், அது ரூபாய் எடையேதானா, கூடவா. சவரன் எட்டு கிராம், அது எனக்குத் தெரியும், அது தங்கத்துக்கு. வெள்ளிக்குச் சவரன் சொல்லமாட்டார்கள். பலம் என்று எண்ணெய்ச் செட்டியார் கடையில் சொல்வாள் அம்மா, பலத்துக்கு இத்தனை ரூபாய் எடை என்று ஒரு கணக்கு உண்டு, மூணா, மூணரையா. மூணு என்றால் பன்னிரண்டு ரூபாய் எடை நாலு பலம். நாலு பலம் எத்தனை கிராம். மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்கிறேன், செக்கில் கட்டிய மாடு மாதிரி. ஆசாரி கிராமில்தான் நிறுத்துச் சொல்லியிருப்பார். இவர் உள்ளே நின்றார், நான் வாசலில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றேன், காதில் விழவில்லை, கேட்கவும் இல்லை. கேட்டிருக்கலாம். நடந்து வரும்போதாவது கேட்டிருக்கலாம். இவனைப் பார், ஒன்றும் தெரியாமல் தாலிக்கயிற்றைச் சப்புகிறான், சின்னதாக நாலு பல், கயிறு எச்சிலில் ஊறி மஞ்சள் நிறம் அவன் உதட்டில். மாமியார் கிளம்பும்போதே சொன்னாள், நிறுத்துப் பாத்த புள்ள தேயும், மாசாமாசம் கொண்டுபோய்த் தொங்கவிடுங்க என்று. நெல் அளக்கும்போதுகூட முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள், அப்புறம்தான் ரெண்டு. ஒன்று என்று எண்ணினால் ஒன்றோடு நின்றுபோகுமோ என்று பயம். பிள்ளைக்கு மட்டும் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி ஆறு எழுநூறு, ஏழு இருநூறு.

பொன்னுத்தாய் மதினியின் பிள்ளை தொங்குகிறது. முள் ஒரே ஓட்டமாக ஓடி ஒன்பதில் நிற்கிறது. மதினிக்குச் சிரிப்பு முகம் கொள்ளவில்லை. கண் பட்டுவிடும் என்று உடனே பிள்ளையை இறக்கி முந்தானையில் மூடுகிறாள். மூடிக்கொண்டே என்னைப் பார்த்து, "ஏட்டி, வா, ஒன் புள்ளையப் போடு. ஒனக்குக் கிலோவெல்லாம் வேண்டாம், நீ பெத்தது தங்கம், கிராமுல நிறுத்தாப் போதும்" என்கிறாள். வரிசையில் சிரிப்பு. ஆயாவும் சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வருகிறது, வாய் தானாக விரிகிறது, எதற்கு விரிகிறது என்று தெரியவில்லை. டீச்சர் அகிலேஷை வாங்கி, ஜட்டியில் காலை நுழைத்துத் தொங்கவிடுகிறார்கள். அவன் என்னைத் தேடுகிறான். அழவில்லை. முள் ஓடுகிறது, ஆடுகிறது, ஆறைத் தாண்டுகிறது, ஒன்று, ரெண்டு, மூணு கோடு, நாலு, அஞ்சு, ஆறு. ஆறாவது கோட்டில் நிற்கிறது. நான் மூச்சு விட்டால் ஏறுமோ என்று பார்க்கிறேன். டீச்சர் கண்ணாடியை ஒரு விரலால் தட்டுகிறார்கள். அங்கேயே நிற்கிறது. "ஆறு அறுநூறு. நூறு இறங்கியிருக்கேம்மா" என்கிறார்கள், மெதுவாகத்தான், ஆனால் எல்லாரும் கேட்டார்கள். "காய்ச்சல், வயித்தாலே எதுவும் போச்சா?" இல்லை என்று தலையை ஆட்டுகிறேன். "அப்ப எழுதித்தான் ஆகணும். வீட்டுல சொல்லிட்டு நாளைக்கே கிளம்பு." வெள்ளி என்று சொல்லவேண்டும். வாயில் இருக்கிறது. டீச்சர், போன மாசம் வெள்ளி. எவ்வளவு என்று கேட்பார்கள். பன்னிரண்டு ரூபாய் எடை என்பேன். எந்த ரூபாய் என்பார்கள். உன் சாணா, என் சாணா. இவன் காற்றில் காலை உதைக்கிறான், சத்தம் இல்லாமல் உதைக்கிறான், போன மாசம் ஜல் ஜல் என்று இருந்த கால். ஜல் ஜல். அந்தச் சத்தம் எனக்கு எங்கிருந்தோ கேட்கிறது, கீழே இருந்து, என் காலிலிருந்து, நான்தான் நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைக்கிறேன். அம்மா பன்னிரண்டு ரூபாய் எடை என்று மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொன்னாள். "எம் மவளுக்குக் கல்யாணத்துல போட்ட கொலுசுக்கு எடைக்கு எடை, ஆசாரி தட்டுல அத ஒரு பக்கம் வச்சு, இத ஒரு பக்கம் வச்சு வாங்குனது, ஒரு குன்னிமுத்து எடை கூடல, குறையல." பேறுகாலத்துக்குப் போயிருந்தபோது என் காலிலிருந்து கொலுசைக் கழட்டி எடுத்துக்கொண்டு போனாள், எதற்கு என்று அப்போது தெரியாது. சம்பந்தி வீட்டில் ஒரு சொல் வரக்கூடாது என்று அப்படிச் செய்தாள். கிராம் வேண்டாம். ரூபாய் வேண்டாம். காலில் இருக்கிறது.

குனிகிறேன். திருகாணி வரவில்லை, விரல் வழுக்குகிறது. "என்னட்டி செய்யுத" என்கிறாள் பொன்னுத்தாய் மதினி. ஒரு கொலுசு வந்துவிட்டது. இன்னொன்றைப் பல்லால் கடிக்கமுடியாதே, காலில் இருக்கிறதே என்று என்னவெல்லாமோ நினைப்பு. அதுவும் வந்துவிட்டது. ரெண்டையும் நீட்டுகிறேன். "டீச்சர், இதையும் சேத்து நிறுங்க." டீச்சருக்குக் கேட்கவில்லை. "பூமிக்குள்ள பேசாதட்டி, மேல பேசு" என்கிறாள் மதினி. மேலே பேசுகிறேன். "போன மாசம் இவன் வெள்ளியோட நிறுத்தாங்க, டீச்சர். அரைஞாண், காப்பு, தண்டை. எல்லாம் இப்ப ஆசாரிட்ட இருக்கு, இறுக்கிப்போச்சுன்னு குடுத்திருக்கோம். அதும் இந்தக் கொலுசும் ஒரே எடை. எங்க அம்மா எடைக்கு எடை வச்சு வாங்குனது." இவ்வளவு நீளமாக நான் இந்த ஊரில் பேசியதில்லை. டீச்சர் ஆயாவைப் பார்க்கிறார்கள். ஆயா பாயை வைத்துவிட்டு, "ஆமா டீச்சர், மேளம் மாதிரி சத்தம் போட்டுக்கிட்டுத்தான் தொங்குனான். அரைஞாண அவுக்கக் கூடாதுன்னு நான் அவுக்கல" என்கிறாள். டீச்சர், "இத நீ அன்னைக்கே சொல்லிருக்கணும்லா" என்று ஆயாவிடம் சொல்லிக்கொண்டே கொலுசை வாங்கி, கையில் ஒரு தரம் தூக்கிப் பார்த்து, அகிலேஷின் மடியில் வைக்கிறார்கள். அவன் ஒன்றை எடுத்து வாயில் போடுகிறான். கையில் தூக்கினால் எடை குறையுமோ என்று எனக்குப் பயம். முள் கிளம்புகிறது. ஆறாவது கோட்டை விட்டுப் போகிறது. ஏழாவது கோட்டுக்கு வருகிறது. அதைத் தாண்டுகிறது. கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், ஒரு நெல் முனை அளவு தாண்டி நிற்கிறது. டீச்சர் தட்டுகிறார்கள். நிற்கிறது. "எழுநூறுக்கு மேல ஒரு முப்பது இருக்கும்" என்கிறார்கள். "காணாது. இந்த வயசுக்கு முப்பதெல்லாம் ஒரு ஏத்தமே இல்ல. ஆனா இறங்கல." பேனாவை மூடுகிறார்கள். "இப்ப எழுதித் தரல. பால நிறுத்திராத. கூழுல ரெண்டு சொட்டு எண்ணெய் விடு, முட்ட குடு. அடுத்த மாசம் இதே மாதிரி வெறும் உடம்போட கொண்டு வா, அறுநூறுலருந்து பாப்போம்." பால நிறுத்திராத என்றார்களே, அதை மாமியாரிடம் இவங்களே வந்து சொன்னால் நன்றாக இருக்கும். வந்து சொல்லுங்க என்று கேட்கவேண்டும். இன்றைக்குப் பேச்சு இவ்வளவுதான், அதற்குமேல் வரவில்லை. மதினி ஆயாவிடம் சொல்வது காதில் விழுகிறது, "இவளுக்குப் பேச வரும்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர் சொன்னத ஒன் மாமியாட்ட நான் சொல்லுதேன், நீ சொன்னா அவ காதுல ஏறாது" என்கிறாள். தலையை ஆட்டுகிறேன்.

கொலுசை மாட்டவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு நடக்கிறேன். கால் லேசாக இருக்கிறது, யாரோ வேறு ஆள் நடக்கிற மாதிரி சத்தமே இல்லை. அகிலேஷ் முடிச்சைப் பிடித்து இழுக்கிறான், மறுபடியும் வாயில் போடவேண்டும் அவனுக்கு. பம்பு செட் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து பால் கொடுக்கிறேன். கொடுத்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்து ஒரு கொலுசைக் கையில் எடுக்கிறேன், எச்சிலைத் துடைக்க. துடைக்கும்போது விரலில் தட்டுப்படுகிறது. வளையம் இருக்கிறது, மணி இல்லை. அடுத்ததிலும் இல்லை. இன்னொரு கொலுசில் மூணு இடம் காலி. எப்போது விழுந்தது தெரியாது, தண்ணீர் தூக்குகையிலோ, காட்டிலோ, இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் நடந்தேனே, அப்போதோ. அம்மா தராசில் வைத்தபோது எல்லா மணியும் இருந்திருக்கும். அப்படியானால் இது பன்னிரண்டு ரூபாய் எடை இல்லை. நான் டீச்சரிடம் பொய் சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும் ஒரே எடை என்று சொன்னேன். திரும்பிப் போய்ச் சொல்லவேண்டுமா, சொன்னால் எழுதித் தந்துவிடுவார்களா. இரு, இரு. அவசரப்படாதே. மெதுவாகப் பிரித்துப் பார். போன மாசம் தொங்கியது இவனும் முழு வெள்ளியும். இன்றைக்குத் தொங்கியது இவனும் மணி உதிர்ந்த கொலுசும். மணி உதிர்ந்ததால் கொலுசு குறை. கொலுசு குறைந்தும் முள் தாண்டிப் போயிருக்கிறது. அப்போது அந்தக் குறையை யார் நிரப்பினது. மறுபடியும் முதலிலிருந்து. தட்டில் ஒரு பக்கம், மறு பக்கம். மூணு தரம் போட்டுப் பார்க்கிறேன், மூணு தரமும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. விழுந்த மணி எவ்வளவோ அவ்வளவும் இவன் சதை. முப்பது என்று டீச்சர் சொன்னதற்கு மேலே, அஞ்சு மணி. அஞ்சு மணி எத்தனை கிராம். தெரியாது. குன்னிமுத்து அளவு இருக்குமா, ரெண்டு குன்னிமுத்தா. தெரியவேண்டாம். திரும்பிப் போகவில்லை, இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை, இவரிடம்கூட. சொல்லி எண்ணினால் நின்றுபோகும். காலியாக இருக்கிற வளையத்தை விரலால் தொடுகிறேன். லாபம். அடுத்தது, ரெண்டு. மூணு. அகிலேஷ் பாதியில் தூங்கவில்லை, ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கிறான். மறு பக்கத்துக்கு மாற்றி விடுகிறேன்.